மின்தாக்கலும் வழக்குக் கட்டும்: நீதிமன்றத்தின் மூல ஆவணம் எது?

நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்க ஒன்றிய அமைச்சரவை 2023 செப்டம்பர் 13 அன்று ஒப்புதல் அளித்தது. அந்தத் தொகை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதே ஒரு செய்தி. வழக்கறிஞரும் வழக்காடியும் மனுக்களை இணையம் வழியாகத் தாக்கல் செய்வதற்கான ஏற்பாட்டுக்கு 215.97 கோடி ரூபாய். நாடெங்கும் நீதிமன்ற ஆவண அறைகளில் அடுக்கிக் கிடக்கும் பழைய வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்து மின்வடிவில் பாதுகாக்க 2,038.40 கோடி ரூபாய். புதிய வழக்கை மின்வடிவில் வாங்குவதற்கு ஆகும் செலவைப் போல ஒன்பது மடங்குக்கும் மேலான பணம், தாளாக வாங்கி வைத்ததை மாற்றுவதற்குத் தேவைப்படுகிறது. இன்றைக்குத் தாளாக உள்ளே வரும் ஒவ்வொரு மனுவும் நாளைக்கு அதே ஸ்கேனரின் முன் வரிசையில் நிற்கப்போகிறது என்பதால், மின்தாக்கலைக் கட்டாயமாக்க நீதித்துறை காட்டும் அவசரத்துக்கு இந்தக் கணக்கிலேயே ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

இருந்தும் மின்தாக்கல் தட்டுத் தடுமாறித்தான் நடக்கிறது. அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சர்வர் முடங்குவது, இணைய வேகம், மூத்த வழக்கறிஞர்களுக்குக் கணினிப் பழக்கம் இல்லாமை ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. அவை பொய்யான புகார்கள் அல்ல. ஆனால் அவை எல்லாம் நாளடைவில் தீரக்கூடியவை. தானாகத் தீராத கேள்வி ஒன்று அவற்றுக்கு அடியில் இருக்கிறது. ஒரு வழக்கில் நீதிமன்றத்தின் மூல ஆவணம் எது: சர்வரில் இருக்கும் பிடிஎஃப் கோப்பா, நாடா போட்டுக் கட்டிய தாள் கட்டா? விதி இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கும் இடங்களில் மின்தாக்கல் வேலையைக் குறைத்திருக்கிறது. சொல்லாத இடங்களில் இரட்டிப்பாக்கியிருக்கிறது.

தாள் வழக்காகும் வழி

ஒரு மனு நீதிமன்றத்துக்குள் நுழைந்த உடனே வழக்காகிவிடுவதில்லை. பிராது, வக்காலத்து, ஆவணப் பட்டியல், ஆவண நகல்கள், நீதிமன்றக் கட்டணத்துக்கான வில்லை, பிரதிவாதி ஒவ்வொருவருக்கும் ஒரு படி ஆகியவற்றைச் சேர்த்துத் தைத்து வழக்கறிஞரின் குமாஸ்தா தாக்கல் பிரிவில் கொடுக்கிறார். அங்கே தேதி முத்திரை விழுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் எஸ்.ஆர். எண் என்று வழங்கும் தற்காலிக எண் ஒன்று கிடைக்கிறது. அதன் பிறகுதான் பிரிவு எழுத்தரின் சரிபார்ப்பு. கட்டணம் குறைவு, பக்க எண் போடவில்லை, வக்காலத்தில் வெல்ஃபேர் ஸ்டாம்ப் (வழக்கறிஞர் நல நிதிக்கான வில்லை) இல்லை, சொத்து விவரத்தில் நான்கெல்லை விடுபட்டிருக்கிறது, வழக்கை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகார எல்லை எப்படி வருகிறது என்று சொல்லப்படவில்லை என்று குறைகளை வரிசையாக எழுதி மனுவை ‘ரிட்டர்ன்’ செய்வார். குறித்த நாள்களுக்குள் சரிசெய்து மறுதாக்கல் செய்ய வேண்டும். நாள் தவறினால் அந்தத் தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனு. குறைகள் யாவும் தீர்ந்து வழக்கு ‘நம்பர்’ ஆன (அதாவது நிலையான வழக்கு எண் பெற்ற) பின்னரே அது நீதிபதியின் முன் போகிறது. இந்த இடைவெளி சில நாள்களாகவும் இருக்கும், சில வழக்குகளில் பல மாதங்களாகவும் நீளும். நீதிமன்றத் தாமதத்தைக் குறைகூறுவோர் வாய்தாக்களை எண்ணுகிறார்கள். நம்பர் ஆவதற்கு முன் கழிந்த நாள்களை யாரும் எண்ணுவதில்லை.

மின்தாக்கலில் இதே வழி திரைக்கு இடம் மாறுகிறது. வழக்கறிஞர் தம் பார் கவுன்சில் பதிவு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் கொண்டு இணையதளத்தில் கணக்குத் தொடங்குகிறார். கட்சிக்காரர்களின் விவரங்களை உள்ளிட்டு, மனுவையும் ஆவணங்களையும் பிடிஎஃப் கோப்புகளாக ஏற்றி, டிஜிட்டல் கையொப்பச் சாவி மூலமோ ஆதார் ஓடிபி வழியாகவோ கையொப்பமிட்டு, கட்டணத்தை இணையத்திலேயே செலுத்துகிறார். பிரமாணப் பத்திரத்துக்கான உறுதிமொழியைக் காணொளியாகப் பதிந்து இணைக்கும் வசதிகூட இ-ஃபைலிங் 3.0 பதிப்பில் உண்டு. பிறகு கோப்பு, தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய வழக்குத் தகவல் மென்பொருளின் வழியாக நீதிமன்றத்தின் பதிவகத்துக்குப் போகிறது. அங்கே காத்திருப்பவர் அதே பிரிவு எழுத்தர். ரிட்டர்ன் இப்போது குறுஞ்செய்தியாக வருகிறது. குறைகளின் பட்டியல் மட்டும் மாறுவதில்லை. தாளில் தைக்காத பக்கத்துக்கு வந்த ஆட்சேபம் புக்மார்க் போடாத பிடிஎஃப்புக்கு வரும். வெல்ஃபேர் ஸ்டாம்ப் மட்டும் ஒரு வில்லையாக வக்காலத்தில் ஒட்டப்பட்டே ஆக வேண்டிய இடங்களில், அதை ஒட்டி, அடித்து, அந்தத் தாளை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டியிருக்கும்.

வேறு வழி இருக்கிறதா என்பதற்கு அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளின் தாள் வெள்ளத்தில் மூழ்கிய ஒஹாயோவின் வட மாவட்ட நீதிமன்றத்தில் 1990களின் நடுவில் தொடங்கிய ஏற்பாடு பின்னர் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் முழுவதற்கும் பரவியது. அங்கே வழக்கறிஞர் கோப்பை ஏற்றிய அந்தக் கணமே அது வழக்கின் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத் தானியங்கி அறிவிப்பு போகிறது. அந்த அறிவிப்பே ஆவணத்தைச் சார்வு செய்ததாகவும், அதாவது எதிர்த்தரப்பிடம் முறைப்படி சேர்த்ததாகவும், கொள்ளப்படுகிறது. வடிவத்தில் குறை இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தத் தாளையும் வாங்க மறுக்கக் கூடாது என்று அந்நாட்டு உரிமையியல் நடைமுறை விதி பதிவக அலுவலரைக் கட்டுப்படுத்துகிறது. குறையிருந்தால் வாங்கிய பிறகு திருத்தச் சொல்லலாம். நம் நாட்டிலோ சரிபார்ப்பு, வாசலிலேயே நிற்கிறது. மின்தாக்கலால் நேரம் மிச்சமாகவில்லை என்று சொல்பவர்கள் பழிசொல்வது மென்பொருளை. உண்மையில் அவர்கள் காத்திருப்பது மென்பொருள் தொடாத இந்தக் கட்டத்தில்தான்.

ஒன்றை மட்டும் இந்த ஏற்பாடு ஐயமின்றிச் சாதித்திருக்கிறது. நம்பர் ஆன ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எனப்படும் பதினாறு இலக்க அடையாளம் கிடைக்கிறது. முதல் இரண்டு எழுத்துகள் மாநிலத்தையும், அடுத்த இரண்டு மாவட்டத்தையும், அதற்கடுத்த இரண்டு இலக்கங்கள் நீதிமன்றத்தையும் குறிக்கும். பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசியில் ஆண்டு. அதைக் கைப்பேசிச் செயலியில் தட்டினால் அடுத்த வாய்தா தேதியும் அன்றன்றைய உத்தரவும் தெரிகின்றன. வாய்தா எப்போது என்று கேட்பதற்காகவே குமாஸ்தாவைத் தேடிப் பேருந்து ஏறிய கட்சிக்காரருக்கு இது சிறிய மாற்றமல்ல.

கடைசி நாள்

தாக்கல் எப்போது முழுமையடைகிறது என்பது சட்டத்தில் வெறும் சம்பிரதாயம் அன்று. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின்படி, பிராது உரிய அலுவலரிடம் அளிக்கப்படும்போது வழக்குத் தொடரப்படுகிறது. நம்பர் ஆகும் நாள் கணக்கில் வராது. கொடுத்த நாளே கணக்கு. காசோலை திரும்பிய வழக்குகளில் இந்தக் கணக்கு மிக இறுக்கமானது. காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் கொடுக்க 15 நாள்கள். அது கடந்த பின் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். தாமதத்தைப் போதிய காரணம் காட்டி மன்னிக்கச் செய்யலாம் என்றாலும், அது எதிர்த்தரப்பின் கையில் நாமே கொடுக்கும் ஆயுதம்.

தாளில் கடைசி நாள் என்பது அலுவலக நேரத்தோடு முடிந்தது. மின்தாக்கலில் நள்ளிரவு வரை ஏற்பதே பொதுவான வழக்கம். விடுமுறை நாளுக்கும் அலுவலக நேரத்துக்குப் பின் வருவதற்கும் எந்தத் தேதி போடுவது என்பதை ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் தன் விதியில் தனித்தனியே சொல்கிறது. சிக்கல் வருவது நள்ளிரவுக்குச் சற்று முன்பு தளம் முடங்கும்போது. தாக்கல் பிரிவின் கதவு பூட்டியிருந்தது என்பதை நிரூபிக்க வேண்டிய தேவை எழுந்ததில்லை, ஏனெனில் நீதிமன்றம் மூடியிருந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்று காலவரம்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது. சர்வர் விழுந்துவிட்ட நீதிமன்றம் மூடிய நீதிமன்றமா? தொழில்நுட்பக் கோளாறுக்குக் காலவிலக்கு தரும் விதி இருந்தாலும், கோளாறு தன் கணினியில் இல்லை, அரசுத் தளத்தில்தான் என்று காட்டும் சுமை தாக்கல் செய்பவர் தலையில்தான் விழுகிறது. அனுபவப்பட்ட வழக்கறிஞர்கள் பிழைச்செய்தி தெரியும் திரையை நேரத்தோடு சேர்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்வது இதனால்தான். தளம் எப்போதெல்லாம் முடங்கியது என்ற பதிவை நீதிமன்றமே நாள்தோறும் வெளியிட்டுவிட்டால் இந்தச் சண்டையின் பெரும்பகுதி எழாது.

கொரோனா காலம் இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் எழுப்பியது. உச்ச நீதிமன்றத்தில் மின்தாக்கல் 2006 அக்டோபர் 2 அன்றே தொடங்கிவிட்டது. நீதித்துறையைக் கணினிமயமாக்கும் இ-கமிட்டி 2004 டிசம்பரில் அமைந்து, இ-கோர்ட்ஸ் திட்டம் 2007 முதல் இரண்டு கட்டங்களைப் பார்த்துவிட்டிருந்தது. அப்படியிருந்தும் 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து காலவரம்பை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. முடிவில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலம் முழுவதும் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது. காணொளி விசாரணை சில வாரங்களில் பழகிவிட்டது. தாக்கல் அப்படிப் பழகவில்லை; ஊரடங்கில் கட்சிக்காரரிடமிருந்து கையொப்பமும் மூல ஆவணமும் வாங்க முடியாத வழக்கறிஞருக்கு இணையதளம் திறந்திருந்து என்ன பயன்?

படியும் மூலமும்

திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரர் மீது முதிய அந்தணர் தொடுத்த அடிமை வழக்கு தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்துவிட, கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்று முதியவர் அவையில் சொல்கிறார். அவையத்தார் அந்த மூலத்தை வாங்கி, சுந்தரரின் பாட்டனார் எழுதி, காப்பில் வைக்கப்பட்டிருந்த வேறொரு ஓலையை வரவழைத்து, இரண்டின் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். புராணத்தின் பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு நடைமுறையை மட்டும் பார்த்தால், ஆவணச் சட்டத்தின் மூன்று தேவைகளும் அங்கே இருக்கின்றன: எது மூலம் என்று தெரிந்திருக்க வேண்டும், அது பறிக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான இன்னொன்று வேண்டும்.

இன்றைய மின்தாக்கலின் தடுமாற்றம் முதலாவதிலேயே தொடங்குகிறது. பல நீதிமன்றங்களில் இணையத்தில் ஏற்றிய பிறகு அதே மனுவின் அச்சுப்படியையும் பிரிவில் கொடுக்க வேண்டும். நீதிபதி தாளில் படிக்கிறார். குறுக்கு விசாரணையில் சாட்சியின் கையில் தாளைத்தான் கொடுக்கிறார்கள். மேல்முறையீடு போனால் கீழமை நீதிமன்றத்திலிருந்து கட்டைத்தான் வரவழைக்கிறார்கள். ஏற்றிய கோப்புக்கும் கொடுத்த தாளுக்கும் ஒரு பக்கம் வேறுபட்டால் எது செல்லும் என்பது ஒரு நாள் யாரோ ஒருவரின் வழக்கைத் தீர்மானிக்கப்போகிறது.

தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் மின்தாக்கலைக் கட்டாயமாக்கும் அறிவிப்புக்கு வழக்கறிஞர் சங்கங்கள் காட்டிய எதிர்ப்பை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். நீதிமன்றப் புறக்கணிப்பை எல்லாச் சிக்கலுக்கும் மருந்தாகக் கருதும் பழக்கத்தை நான் ஆதரிப்பவன் அல்லன்; வாய்தாவுக்கு வந்து திரும்பிப் போகும் கட்சிக்காரருக்கு அந்தப் போராட்டம் இன்னொரு வீண் பயணம். ஆனாலும், ஸ்கேனரும் ஆளும் வைத்துக்கொள்ள வசதியில்லாத தாலுகா நீதிமன்ற வழக்கறிஞர் தாள் செலவையும் ஸ்கேன் செலவையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கிறது என்ற குறை நியாயமானது. தாள் வேண்டாம் என்று நீதிமன்றம் முதலில் சொல்லட்டும், பிறகு இணையத்தைக் கட்டாயமாக்கட்டும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதங்களில் பதில் சொல்லக் கடினமானது.

விதி மாறினால் என்ன நடக்கும் என்பதை ஆக்ரா காட்டியது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிணை வழங்கிய 13 கைதிகளை, உத்தரவின் சான்றிட்ட நகல் தபாலில் வந்து சேரவில்லை என்று ஆக்ரா மத்தியச் சிறை உடனே விடுவிக்கவில்லை. இந்தக் காலத்திலும் உத்தரவைக் கொண்டுவரும் புறாக்களுக்காக வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்ற பொருளில் அன்றைய தலைமை நீதிபதி என்.வி.ரமணா வருந்தினார். அதன் விளைவாக உருவான ‘ஃபாஸ்டர்’ முறை 2022 மார்ச் 31 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. உத்தரவு பாதுகாக்கப்பட்ட மின்னஞ்சல் வழியாக நேரடியாகச் சிறைக்குப் போகிறது. இதில் புதிய தொழில்நுட்பம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மின்னஞ்சல் அதற்கு முன்பும் இருந்தது. மின்வழி வந்த சான்றிட்ட படியைச் சிறை அதிகாரிகள் ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டளைதான் புதிது.

கேரளத்தின் கொல்லத்தில் 2024 நவம்பரில் இயங்கத் தொடங்கிய நீதிமன்றம் இதே தெளிவை ஒரு படி மேலே கொண்டுபோகிறது. காசோலை வழக்குகளுக்கு மட்டுமான அந்த நீதிமன்றத்தில் தாக்கல், கட்டணம், விசாரணை யாவும் இணையத்தில். எந்நேரமும் தாக்கல் செய்யலாம். தாள் கட்டு என்ற ஒன்று இல்லை. காசோலை வழக்கைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம். ஆவணங்கள் குறைவு, அவை ஏறக்குறைய எல்லா வழக்கிலும் ஒரே மாதிரியானவை: காசோலை, வங்கியின் திருப்பு மெமோ, வழக்கறிஞர் அறிவிப்பு, தபால் ஒப்புகை. ஒரு கூட்டுக் குடும்பப் பாகப்பிரிவினை வழக்கை அங்கே கொண்டுபோய் வைத்தால் கதை வேறாகிவிடும்.

தமிழில் தாக்கலாகும் ஆவணம்

பாகப்பிரிவினை வழக்கின் ஆவணங்களில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமைய வழி உண்டு; பிராதும் எதிருரையும் அங்கே பெருமளவில் தமிழில் தாக்கலாகின்றன. மின்தாக்கல் விதிகளின் பொது வார்ப்போ டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துரு, 14 புள்ளி அளவு, ஒன்றரை வரி இடைவெளி, சொல்லைத் தேடக்கூடிய பிடிஎஃப் என்று ஆங்கில மனுவை மனத்தில் வைத்தே தொடங்குகிறது. நீதிமன்ற வாசலில் உள்ள ஜாப் டைப்பிங் கடைகள் பலவற்றில் தமிழ் மனு இன்றும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் அடிக்கப்படுகிறது. எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கப்படும் பொதுக் குறியாக்கமான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுவிட்டது. கடைக்காரரின் விரல்கள் ஏற்கவில்லை.

அச்சில் இந்த வேறுபாடு தெரியாது. பழைய எழுத்துருவில் அடித்த மனுவைப் பிடிஎஃப் ஆக்கி, அதில் ஒரு சர்வே எண்ணுக்கு முன்னால் உள்ள ‘நஞ்சை’ என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை வந்து விழும். எழுத்தின் உருவம் தமிழ், உள்ளே கணினி பதிந்திருப்பது வேறு. எதிருரையின் வாசகத்தைத் தீர்ப்பில் எடுத்தாள விரும்பும் நீதிபதியின் தட்டச்சர் அதை முழுவதும் மறுபடி அடிக்க வேண்டும். எழுத்துணரி மென்பொருள் கொண்டு சரிசெய்யலாம் என்பது சுத்தமாக அச்சான பக்கத்துக்குப் பொருந்தும்; முத்திரைத்தாளில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஆவண எழுத்தர் மையில் எழுதிய கிரயப் பத்திரத்துக்கு முன்னால் அது விழித்து நிற்கிறது. இதற்குச் செலவு குறைந்த தீர்வு ஒன்று உண்டு: யூனிகோடில் அடித்த தமிழ் மனுவையே ஏற்பது என்ற விதியும், அதற்கு முன் தட்டச்சுக் கடைகளுக்கு ஓரிரு மாதப் பயிற்சியும். 394.48 கோடி ரூபாய் செலவில் இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்தில் நாடெங்கும் நீதிமன்றங்களில் அமையவிருக்கும் 4,400 இ-சேவை மையங்கள், வழக்கறிஞர் இல்லாமல் தானே வழக்காடுபவருக்கு ஸ்கேன் செய்துதருவதோடு நில்லாமல் இந்தப் பயிற்சிக்கும் இடம் தரலாம்.

மனு மின்வடிவில் பிறக்கலாம், சான்றாவணம் அப்படிப் பிறப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உயிலோ புரோநோட்டோ கையெழுத்து மறுக்கப்பட்டால் தடயவியல் ஆய்வுக்கு அனுப்ப மூலத்தாள் வேண்டும். அதை ஏற்றிய பிடிஎஃப் வெறும் படிதான். மறுபுறம், கைப்பேசிச் செய்தி, வங்கிக் கணக்கு விவரம் போன்ற மின்வடிவிலேயே பிறந்த சான்றுகள் பெருகிவிட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, அவற்றோடு சான்றிதழ் ஒன்றை இணைக்கச் சொல்கிறது. ஒரு பகுதியைத் தாக்கல் செய்பவரும் இன்னொரு பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும்; கோப்பு மாற்றப்படவில்லை என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதன் ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும், ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் குறியீடு) எழுத வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஒரு வாட்ஸ்அப் உரையாடலுக்குச் சட்டம் கேட்கும் இந்த ஒப்பீட்டு அடையாளத்தை, நீதிமன்றம் தானே ஸ்கேன் செய்து வைக்கும் கட்டுக்கு யாரும் வற்புறுத்திக் கேட்பதில்லை.

யார் பார்க்கலாம்

நம் நீதிமன்றங்களில் உத்தரவையும் தீர்ப்பையும் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பிராதையும் எதிருரையையும் பார்க்க முடியாது. வழக்கில் சேராத ஒருவருக்கு அவை வேண்டுமென்றால் காரணம் காட்டி நகல் மனு போட வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் நிலைமை தலைகீழ். அங்கே ‘பேசர்’ தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் வீதம், ஓர் ஆவணத்துக்கு 3 டாலர் உச்சவரம்பில், இரு தரப்பின் மனுக்களையும் எவரும் வாங்கிப் படிக்கலாம். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் பார்த்தால் கட்டணமே இல்லை. அந்தத் திறப்புக்கு ஈடாக, பிறந்த தேதியில் ஆண்டை மட்டும், சிறார்களின் பெயரில் முதலெழுத்துகளை மட்டும், கணக்கு எண்களில் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடு தாக்கல் செய்பவர் மீது இருக்கிறது. நம்மிடம் ஆதார் அட்டையின் முழு நகலை ஆவணப் பட்டியலில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. கட்டு பூட்டிய அறையில் இருந்தவரை அதனால் தீங்கில்லை.

திறந்த முறையின் ஆபத்தையும் அவர்களே முதலில் சந்தித்தார்கள். சோலார்விண்ட்ஸ் என்ற நிறுவனத்தின் மென்பொருள் வழியாக நடந்த இணைய ஊடுருவலுக்குப் பிறகு, தங்கள் மின்தாக்கல் அமைப்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2021 ஜனவரியில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதித்துறை அறிவித்து, மிக இரகசியமான ஆவணங்களைத் தாளாகவோ தனிச் சேமிப்புக் கருவியிலோ கொடுக்கும்படி சொன்னது. 2025 ஆகஸ்டிலும் தன் வழக்கு மேலாண்மை அமைப்பின் மீது தாக்குதல்கள் தீவிரமடைந்திருப்பதை ஒப்புக்கொண்டு பாதுகாப்பைக் கூட்டியது. கால் நூற்றாண்டாக மின்தாக்கலில் ஊறிய ஒரு நாடு முத்திரையிட்ட உறைக்குள் போக வேண்டிய ஆவணங்களுக்கு மட்டும் தாளுக்குத் திரும்பியதை, தாளே மேல் என்பவர்கள் தங்கள் பக்கத்துச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்த ஆவணத்துக்கு எது மூலம் என்று அவர்களால் ஓர் உத்தரவில் பிரித்துச் சொல்ல முடிந்தது.

நம்மிடம் அந்தப் பிரிப்பு மிக அவசரமாகத் தேவைப்படுவது, 2,038 கோடி ரூபாய் செலவில் ஸ்கேன் ஆகும் பழைய கட்டுகளுக்கு. முடிந்த வழக்கின் தாள்களை எத்தனை ஆண்டு வைத்திருந்து அழிக்கலாம் என்பதை 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றங்கள் வகுத்த விதிகள் சொல்கின்றன. ஸ்கேன் செய்தாகிவிட்டது, இடமும் இல்லை, அழித்துவிடலாம் என்ற முடிவு எடுக்கப்படும் நாளில், பிடிஎஃப் கோப்பே மூலமாகிவிடும். அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் யார், தம் டிஜிட்டல் கையொப்பத்தால் அதற்குப் பொறுப்பேற்றவர் யார் என்பது பதிவில் இருக்க வேண்டும். புரோநோட்டில் வாங்கிய கடனுக்குக் கொஞ்சம் பணம் திருப்பிக் கொடுத்தால் அதை நோட்டின் பின்பக்கத்தில் வரவு வைத்துக் கையெழுத்து வாங்குவது நம் ஊர் வழக்கம். கெடு முடிவதற்குள் வைத்த அந்த ஒரு வரி, காலவரம்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி வழக்குத் தொடர மூன்று ஆண்டு கெடுவை அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கி வைக்கிறது. ஸ்கேன் ஒப்பந்தத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து அடுத்த தாளுக்குப் போய்விடும் ஊழியர் விட்டுவிடுவது அந்த வரியை.